மெட்ராஸில் உருண்ட பனிப்பந்து: பன்னிரண்டு வருஷம் படிச்சும் இங்கிலீஷ் ஏன் வாய்ல வரல?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடுல ஒரே ஒரு ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு 300 வருஷம் பின்னாடி போயிட்டு வரப் போறோம். ரோட்டோட பேரு பூந்தமல்லி ஹை ரோடு. நகரத்துக்குள்ள இருக்கிற பகுதிக்கு ஈ.வெ.ரா. பெரியார் சாலைன்னு பேரு மாறிடுச்சு. ஆனா கண்டக்டர் வாயில இன்னும் பழைய பேருதான். எழும்பூர், சேத்துப்பட்டு, அமைந்தகரை, கோயம்பேடு, மதுரவாயல், குமணன்சாவடின்னு போய் பூந்தமல்லியில முடியும்.

நான் பூந்தமல்லிக்காரன். எங்க ஊர் பஸ் ஸ்டாண்டைச் சுத்தி ஒரு ரவுண்டு நடந்தீங்கன்னா ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு கண்ணுல படாம இருக்காது. மாடிப்படி சுவர்ல, கரண்ட் கம்பத்துல, ஜெராக்ஸ் கடை ஷட்டர்ல எல்லாம் ஒட்டியிருக்கும். 'முப்பதே நாளில் சரளமாக'. வாரக் கடைசியில அந்த மாதிரி ஒரு சின்ன வகுப்புல நானும் சொல்லிக் கொடுக்கிறேன். வர்றவங்க யாருன்னா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில ஷிப்ட் பார்க்கிற பசங்க, நர்ஸிங் முடிச்ச பொண்ணுங்க, கேம்பஸ் இன்டர்வியூவுல கடைசி ரவுண்டுல வெளிய வந்த இன்ஜினியரிங் மாணவர்கள், பிள்ளையோட டீச்சர்கிட்ட பேசணும்னு வர்ற அக்காக்கள்.

இவங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துல பத்து, பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படிச்சவங்க. பரீட்சையில பாஸ் பண்ணவங்க. சில பேர் நல்ல மார்க்கும் வாங்கினவங்க. அப்புறமும் காசு கொடுத்து முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு. 'எனக்கு மூளை மட்டு சார்'னு அவங்களே சொல்லிக்குவாங்க. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே கோபம் வரும். ஏன்னா இது தனி ஆளோட மூளை சம்பந்தப்பட்ட விஷயமா எனக்குப் படல. இதுக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம்.

பள்ளிக்கூடம் இல்லாம இங்கிலீஷ் பேசினவங்க

மெட்ராஸ்ல முதல்ல இங்கிலீஷ் பேசக் கத்துக்கிட்ட தமிழ், தெலுங்கு ஆட்கள் யாரும் வகுப்புல உட்கார்ந்து கத்துக்கல. அவங்கதான் துபாஷிகள். துபாஷின்னா ரெண்டு மொழி தெரிஞ்சவர்னு அர்த்தம். கம்பெனி வியாபாரிக்கும் உள்ளூர் நெசவாளி, தரகர், நவாப் ஆட்களுக்கும் நடுவுல நின்னு பேசிக் கொடுக்கிறது அவங்க வேலை. பேசலைன்னா பொழப்பு இல்ல. அதனால பேசினாங்க. இலக்கணம் சரியா இருந்துச்சான்னு யாரும் மார்க் போடல. பேரம் படிஞ்சா போதும்.

அப்படி ஒரு துபாஷிதான் பச்சையப்ப முதலியார். 1754இல் பிறந்து 1794இல் இறந்துபோனார். சேர்த்த சொத்தில் பெரும் பகுதியை அறக்காரியங்களுக்கு எழுதி வெச்சுட்டுப் போனார். அந்தச் சொத்து வழக்கு வியாஜ்யம்னு பல வருஷம் இழுத்து, கடைசியில அதிலிருந்து 1842இல் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. அதுதான் வளர்ந்து பச்சையப்பன் கல்லூரி ஆச்சு. 1940லேர்ந்து சேத்துப்பட்டுல, நம்ம ரோட்டு மேலேயே இருக்கு. பேசிப் பேசியே மொழியைக் கத்துக்கிட்ட ஒருத்தரோட காசுல, புத்தகம் வெச்சு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடம். நம்ம கதையோட திருப்பம் இங்கேயே ஆரம்பிக்குது.

இன்னொண்ணும் சொல்லியாகணும். அந்தக் கல்வி எல்லாருக்கும் கிடைக்கல. 1947 வரைக்கும் அங்க இந்துக்களுக்கு மட்டும்தான் இடம். அதுக்குள்ளேயும் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குக் கதவு ரொம்ப நாள் மூடியே இருந்தது. இங்கிலீஷ் யாருக்கு, எதுக்கு என்கிற கேள்வி ஆரம்பத்திலேர்ந்தே கூடவே வருது.

எழும்பூர் மணலில் எழுதின பசங்க

இப்போ எழும்பூருக்கு வருவோம். 1715இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள பாதிரியார் வில்லியம் ஸ்டீவன்சன் ஒரு அறப்பள்ளி ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் 1789இல் எழும்பூர்ல ஆண் குழந்தைகளுக்கான ஒரு விடுதிப் பள்ளி வந்தது. ஐரோப்பிய சிப்பாய்களோட பிள்ளைகளுக்கானது அது. அப்பா வெள்ளைக்காரச் சிப்பாய், அம்மா பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். அந்தச் சிப்பாய்களுக்கு நம்ம ஊரும் பழக்கமான இடம்தான். பூந்தமல்லியில கன்டோன்மென்ட் இருந்தது; இன்னிக்கும் அந்தப் பேரு ஊருக்குள்ள புழங்குது. அந்தக் குழந்தைகள் வீட்டுல கேட்ட மொழி ஒண்ணு, பள்ளியில படிக்க வேண்டிய மொழி இன்னொண்ணுன்னு இருந்திருக்கும். ரெண்டாம் மொழியா இங்கிலீஷ் படிச்ச மெட்ராஸ் மாணவர்கள்னு யோசிச்சா எனக்கு முதல்ல இவங்கதான் ஞாபகம் வருவாங்க.

அந்தப் பள்ளியோட பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துக்காரர். வாத்தியார்கள் அவர் சொல்ற மாதிரி சொல்லிக்கொடுக்க ஒத்துவரல. ஒரு நாள் வழியில ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். பசங்க மணலைப் பரப்பி விரலால எழுதிட்டிருக்காங்க. 'மலபார் பள்ளிக்கூடம்'னு அவர் எழுதுறார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழையே மலபார்னுதான் சொல்லுவாங்க. இதை நம்ம பள்ளியிலும் செய்யலாமேன்னு அவருக்குத் தோணுது. வாத்தியார்கள் மறுக்க, ஜான் ஃப்ரிஸ்கன்னு ஒரு சின்னப் பையன்கிட்ட அரிச்சுவடி வகுப்பை ஒப்படைக்கிறார். எட்டு வயசுப் பையன். பையன் அசத்திட்டான். பசங்களே பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறை அங்கிருந்து வளர்ந்தது.

நம்ம ஊர்ல சட்டாம்பிள்ளைன்னு ஒரு பதவி கேள்விப்பட்டிருப்பீங்க. அண்ணாவி வர்றதுக்கு முன்னாடி வகுப்பைப் பார்த்துக்கிற பெரிய பையன். ஏறக்குறைய அதே யோசனைதான். பெல் இதை 1797இல் லண்டன்ல புத்தகமா போட்டார். 'மெட்ராஸ் முறை'ன்னு பேர் வாங்கி, இங்கிலாந்துல ஆயிரக்கணக்கான ஏழைக் குழந்தைகளோட பள்ளிகளுக்குப் போச்சு. ஸ்காட்லாந்துல பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல இன்னிக்கும் 'மெட்ராஸ் காலேஜ்'னு ஒரு பள்ளி இருக்கு. இங்கே அந்த எழும்பூர் விடுதியும் கோட்டைக்குள்ள இருந்த அறப்பள்ளியும் பிற்பாடு ஒண்ணாகி, இடம் மாறி, இப்போ ஷெனாய் நகர்ல செயின்ட் ஜார்ஜ் பள்ளியா நடக்குது. அதுவும் பூந்தமல்லி ஹை ரோடுதான்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், ஒரு பையன் இன்னொரு பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வகுப்புல எல்லார் வாயும் அசையும். ஒரு வாத்தியார் பேச, அறுபது பேர் கேட்கிற வகுப்பு அது கிடையாது. அதே சமயம் அங்க நடந்த பயிற்சியில பெரும் பகுதி மனப்பாடமும் ஒப்பிக்கிறதும்தான். வாய் அசையுறது வேற, பேசுறது வேற. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, மறுபடி தேவைப்படும்.

70,000 கையெழுத்து

1835 பிப்ரவரி 2ஆம் தேதி மெக்காலே தன்னோட புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். இங்கிலீஷ் நமக்குத் திணிக்கப்பட்டதுன்னு ஒரே வரியில முடிச்சுடுறதுக்கு அது வசதியா இருக்கு. ஆனா மெட்ராஸ்ல கதை கொஞ்சம் வேற. 1839இல் இந்த ஊர்க்காரங்க 70,000 பேர் கையெழுத்துப் போட்டு, எங்களுக்கு ஆங்கிலக் கல்வி வேணும்னு கவர்னர் எல்பின்ஸ்டனுக்கு மனு கொடுத்தாங்க. அதுக்கப்புறம் 1841இல் அரசு உயர்நிலைப் பள்ளி வந்தது. அதுதான் பிரசிடென்சி கல்லூரியோட தொடக்கம். இங்கிலீஷ் படிச்சா வேலைன்னு 1839லேயே மக்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

1857இல் மெட்ராஸ் பல்கலைக்கழகம் வந்ததும் ஆட்டத்தோட விதி மாறுச்சு. மெட்ரிகுலேஷன் தேர்வு வேலைக்கும் மேல்படிப்புக்கும் வாசல் ஆச்சு. அந்த வாசலைத் தாண்ட எழுதத் தெரிஞ்சா போதும். ஆபீஸ்ல குமாஸ்தாவுக்கும் கடிதம், கணக்கு, நகல் எழுதுற வேலைதான். பேச்சு எங்கேயும் தேவைப்படல. துபாஷி காலத்துல இங்கிலீஷ் காது வழியா வந்து வாய் வழியா போச்சு. குமாஸ்தா காலத்துல கண் வழியா வந்து கை வழியா போச்சு. நம்ம பள்ளிக்கூடங்கள் இன்னிக்கும் இந்த ரெண்டாவது வழியிலதான் போயிட்டிருக்குன்னு நான் நினைக்கிறேன்.

ரென்னும் வெஸ்ட்டும்

உங்க வீட்டு அலமாரியில 'ரென் அண்ட் மார்ட்டின்' இருக்கா? 1930கள்ல வந்த இலக்கணப் புத்தகம். இங்கிலீஷ்னாலே இலக்கணம்தான்னு பல தலைமுறைக்கு நம்ப வெச்ச புத்தகம். அதை எழுதின பி. சி. ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில வேலை பார்த்தவர். அதே ஆள்தான் 'பியூ ஜெஸ்ட்' என்கிற சாகச நாவலையும் 1924இல் எழுதினார். வேடிக்கை என்னன்னா, 1910கள்லேயே அவர் இந்தியப் பள்ளிகள்ல இங்கிலீஷை நேரடியா, மொழிபெயர்ப்பு இல்லாம, பேச்சு வழியா சொல்லிக்கொடுக்கணும்னு தனியா ஒரு புத்தகம் போட்டிருந்தார். அந்தப் புத்தகம் யாருக்கும் ஞாபகம் இல்ல. இலக்கணப் புத்தகம் மட்டும் நின்னுடுச்சு. தேர்வுக்கு எது உதவுமோ அதுதானே கடையில ஓடும்.

இதுக்கு நேர் எதிரா ஒருத்தர் யோசிச்சார். டாக்காவுல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில இருந்த மைக்கேல் வெஸ்ட். 1926இல் அவர் ஒரு அறிக்கை வெளியிட்டார். நம்ம எல்.ஐ.சி. பாலிசி பாஷையிலேயே அவர் ஒரு வாதம் வெச்சார்: சரண்டர் வேல்யூ. பாலிசியை நடுவுல நிறுத்தினா கையில எவ்வளவு வரும்? அதே மாதிரி, ஒரு பிள்ளை நாலு வருஷத்துல படிப்பை நிறுத்திட்டா, கத்துக்கிட்ட இங்கிலீஷ்ல கையில என்ன மிஞ்சும்? அரைகுறைப் பேச்சு எதுக்கும் உதவாது; அரைகுறையா வாசிக்கத் தெரிஞ்சாக்கூட அதை வெச்சுத் தானா வளர்த்துக்கலாம். அதனால முதல்ல வாசிப்புன்னார்.

1926 வங்காளத்துக்கு அது நியாயமான கணக்கு. கிராமத்துப் பிள்ளைக்கு இங்கிலீஷ்ல பேச ஆளே கிடையாது. ஆனா அந்தக் கணக்கை இன்னிக்குப் போட்டுப் பாருங்க. பூந்தமல்லியில பிளஸ் டூவோட நிறுத்தின ஒரு பையனுக்கு, இருங்காட்டுக்கோட்டையில கொரியா சூப்பர்வைசர்கிட்ட மெஷின் ஏன் நின்னுச்சுன்னு சொல்லத் தெரியணும். அரைகுறைப் பேச்சுக்குத்தான் இன்னிக்கு உடனே காசு கிடைக்குது. சரண்டர் வேல்யூ தலைகீழா மாறிடுச்சு. பாடத்திட்டம் அதே வேகத்துல மாறல.

27,000 பேர்

இப்போதான் தலைப்புக்கு வர்றோம். சுதந்திரத்துக்கு அப்புறம் மெட்ராஸ் மாநிலம் ஒரு பெரிய முடிவு எடுத்தது. 1950களோட தொடக்கத்துல 'ஸ்ட்ரக்சரல்' பாடத்திட்டம் வந்தது. இங்கிலீஷ் வாக்கிய அமைப்புகளை எளிசுலேர்ந்து கஷ்டத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொண்ணா வாய்மொழியா பழக்கணும். டீச்சர் ஒரு பொருளைத் தூக்கிக் காட்டி 'திஸ் இஸ் எ புக்'னு சொல்லணும். கதவு பக்கம் நடந்துக்கிட்டே 'ஐ ஆம் வாக்கிங் டு த டோர்'னு சொல்லணும். பிள்ளைகள் திருப்பிச் சொல்லணும். தமிழ்ல விளக்கம் கிடையாது, இலக்கண விதி கிடையாது. பேச்சுக்கு முதல் இடம். காகிதத்துல பார்த்தா அருமையான திட்டம்.

சிக்கல், இதை யார் சொல்லிக்கொடுக்கிறது? கிராமத்து ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அவரே இலக்கணமும் மொழிபெயர்ப்பும் வழியா படிச்சவர். வாழ்க்கையில யார்கிட்டேயும் இங்கிலீஷ்ல பேசினது கிடையாது. அவரைக் குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. பேசுறதுக்கு யாரு இருந்தாங்க?

அதனால 1950களோட கடைசியில பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோட ஒரு பெரிய பயிற்சி இயக்கம் ஆரம்பமாச்சு. முதல்ல ஒரு சின்ன குழுவுக்கு நிபுணர்கள் பயிற்சி கொடுப்பாங்க. அவங்க தங்களோட மாவட்டத்துக்குப் போய் இன்னும் பல பேருக்குக் கொடுப்பாங்க. அப்படியே பெருகிப் பெருகி 27,000 ஆசிரியர்களைத் தொடணும். பனிப்பந்து உருள உருளப் பெருசாகுற மாதிரி. அதனால அதுக்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்'னே பேரு. 1962இல் ஒரு ஆங்கிலக் கல்வி இதழ்ல ஸ்மித் என்பவர் எழுதின கட்டுரையோட தலைப்பிலேயே இந்தப் பேரும் இந்த 27,000 எண்ணிக்கையும் இருக்கு. வாழ்நாள்ல பனியே பார்க்காத ஊருக்கு எப்படிப் பேரு வெச்சிருக்காங்க பாருங்க.

நியாயமா சொல்லணும்னா, இது துணிச்சலான முயற்சி. இவ்வளவு ஆசிரியர்களை, இவ்வளவு குறைஞ்ச செலவுல, வேற எந்த வழியில சென்றடைய முடியும்? இன்னிக்கு வரைக்கும் அரசுப் பயிற்சிகள் இதே அடுக்கு முறையிலதான் நடக்குது. ஆனா மெட்ராஸ் வெயில்ல பனிப்பந்து என்ன ஆகும்? ஒவ்வொரு அடுக்கு இறங்கும்போதும் கொஞ்சம் கரையும். முறையோட செயல்கள் இறங்கிடும்: பொருளைத் தூக்கிக் காட்டு, மூணு தடவை சொல்லு, வகுப்பைத் திருப்பிச் சொல்ல வை. ஆனா டீச்சரோட நாக்குல சரளம் இறங்காது. அது சில வாரப் பயிற்சியில வர்ற சமாச்சாரம் கிடையாது.

வகுப்புல ஒரு பையன் எதிர்பாராத கேள்வி கேட்டா, 'அந்த புக் உங்களோடதா, ஸ்கூலோடதா?'ன்னு கேட்டான்னு வெச்சுக்கோங்க, அங்கதான் உண்மையான பேச்சு ஆரம்பிக்குது. அந்த இடத்துல டீச்சருக்குப் பயம். அதனால கேள்வியே வராம பார்த்துக்குவாங்க. எல்லாரும் சேர்ந்து கோரஸா சொல்றதுதான் பாதுகாப்பு. முன்னாடி சொன்னேனே, வாய் அசையுறது வேற, பேசுறது வேறன்னு. அதேதான்.

எஸ்.ஓ.எஸ்.

இந்த முறைக்குப் பிற்காலத்துல ஒருத்தர் சுருக்கமா ஒரு பேரு சொன்னார்: ஸ்ட்ரக்சரல், ஓரல், சிச்சுவேஷனல். சுருக்கினா எஸ்.ஓ.எஸ். கப்பல் மூழ்கும்போது அனுப்புற சிக்னல் மாதிரியே இருக்கு இல்ல? அப்படிச் சொன்னவர் என். எஸ். பிரபு. மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சில்ல ஆங்கிலக் கல்வி அதிகாரியா இருந்தவர். மொழி கற்பித்தல் பத்தி உலகத்துல எங்க படிச்சாலும் இவர் பேரு வரும். நம்ம ஊர்ல அதிகம் பேருக்குத் தெரியாது.

பிரபு கேட்டது எளிமையான கேள்வி. வகுப்புல வாக்கியத்தைச் சரியா சொல்ற பிள்ளை வெளிய வந்தா ஏன் தடுமாறுது? அவரோட பதில், மனசு மொழியோட வடிவத்துலேயே மாட்டிக்கிட்டு இருக்கு. மனசுக்கு வேற வேலை கொடுங்க. ஒரு புதிர், ஒரு கணக்கு, ஒரு வழி கண்டுபிடிக்கிற வேலை. அந்த வேலைக்கு இங்கிலீஷ் தேவைப்படட்டும். மொழி பின்னாடியே வரும்.

இதை வெறும் கருத்தா விடல. 1979லேர்ந்து 1984 வரைக்கும் பெங்களூரு, மெட்ராஸ், கடலூர்னு சாதாரணப் பள்ளிகள்ல செஞ்சு பார்த்தாங்க. பெங்களூரு திட்டம்னு உலகம் முழுக்கப் பேரு. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த நேரத்துக்குள்ள போய்ச் சேரணும்னா எந்த ரயில் பிடிக்கணும்னு கேட்பாங்க. வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பாங்க. முதல்ல டீச்சர் வகுப்போட சேர்ந்து ஒரு கணக்கைச் செஞ்சு காட்டுவார். அதே மாதிரி இன்னொண்ணைப் பிள்ளைகள் தனியா செய்யணும். இன்னொரு முக்கியமான விஷயம், பிள்ளைகளைப் பேசு பேசுன்னு நெருக்கல. புரிஞ்சுக்கிட்டா போதும், ஒரு வார்த்தையில பதில் சொன்னாலும் போதும், பேச்சு அதோட நேரத்துல வரட்டும்னு விட்டாங்க.

முடிவு என்ன? வெளியிலேர்ந்து வந்து மதிப்பிட்டவங்க ஓரளவு சாதகமாத்தான் சொன்னாங்க. ஆனா அதே பழைய சிக்கல் இங்கேயும் எட்டிப் பார்த்தது. திட்டத்தோட அனுபவமுள்ள ஆட்கள் நடத்தின வகுப்பு நல்லா போச்சு. வழக்கமான பள்ளி ஆசிரியர்களுக்குக் கஷ்டமா இருந்தது. ஏன்னா இந்த முறையில டீச்சர் மணிக்கணக்கா, தயாரிக்காம, இயல்பா இங்கிலீஷ்ல பேசணும். பிரபு 1987இல் இதையெல்லாம் புத்தகமா எழுதினார். 1990இல் ஒரு கட்டுரையில, எல்லாருக்கும் சிறந்த ஒரே முறைன்னு ஒண்ணு கிடையாதுன்னு எழுதினார். டீச்சருக்குத் தான் செய்யறது பலன் தருதுன்னு உள்ளுக்குள்ள ஒரு நம்பிக்கை உயிரோட இருக்கணும், அது செத்துப்போனா எந்த முறையும் சடங்குதான் என்பது அவர் வாதம்.

தமிழ் வாய்க்கு என்ன கஷ்டம்?

வரலாறு ஒரு பக்கம். நம்ம மொழியோட அமைப்புலேயும் காரணம் இருக்கு. வகுப்புல நான் தினம் பார்க்கிறது இது. முதுகுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை, பைக்கு ஒரு வார்த்தை. ரெண்டையும் தமிழ்ல எழுதிப் பாருங்க: 'பேக்', 'பேக்'. நம்ம எழுத்துக்கு அந்த வித்தியாசம் தேவைப்படல. இடத்தைப் பார்த்து ஒலியை நாமளே மாத்திக்குவோம். அப்புறம் மெய்யெழுத்துல வார்த்தை முடிஞ்சா நமக்கு நிம்மதி இருக்காது. ஒரு சின்ன உகரம் சேர்த்துடுவோம்: பஸ்ஸு, கப்பு, லைட்டு. ரெண்டு மெய் சேர்ந்து வார்த்தை ஆரம்பிச்சா முன்னாடி ஒரு இகரம்: இஸ்கூல், இஸ்டேஷன். எகரத்துல ஆரம்பிச்சா 'யெக்ஸாம்'. இதெல்லாம் தப்புன்னு சிரிக்கிறோம். ஆனா ஒவ்வொண்ணும் தமிழோட ஒலி விதியை வாய் ஒழுங்கா கடைப்பிடிக்கிறதால வர்றது.

இதைவிடப் பெரிய விஷயம் அழுத்தம். தமிழ்ல அசைகளை ஏறக்குறைய சமமா சொல்லுவோம். இங்கிலீஷ்ல ஒரு அசை எழும்பும், மத்தது அமுங்கும். 'ஹோட்டல்', 'டெவலப்' ரெண்டுலேயும் அழுத்தம் ரெண்டாவது அசையில. நாம முதல்ல போடுவோம். ஹைதராபாத்ல ஆர். கே. பன்சால் 1960கள்லேயே, இந்தியர் பேசுற இங்கிலீஷ் மத்த நாட்டவருக்கு எவ்வளவு புரியுதுன்னு ஆய்வு செஞ்சார். புரியாம போறதுக்கு முக்கியக் காரணங்கள்ல ஒண்ணு இந்த அழுத்தம்தான். இன்னொரு பக்கம், இங்கிலாந்தோட ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் எழுதின புத்தகத்துல, ரெண்டாம் மொழிக்காரங்க தங்களுக்குள்ள பேசும்போது எந்த ஒலி மாறினா புரியாம போகுது, எது மாறினா பரவாயில்லைன்னு பிரிச்சுக் காட்டினார். 'திங்க்'ல நம்ம தகரத்தைப் போட்டா ஒண்ணும் குடி முழுகாது. நம்ம கோச்சிங் சென்டர்ல ஆக்சென்ட்டுக்குச் செலவழிக்கிற நேரத்துல பாதியை மிச்சம் பிடிக்கலாம்.

வாக்கியத்துக்கு வருவோம். தமிழ்ல வினை கடைசியில வரும். பேசிக்கிட்டே யோசிக்க நேரம் கிடைக்கும். இங்கிலீஷ்ல எழுவாய் முடிஞ்ச கையோட வினை வேணும். அந்த அரை நொடியிலதான் என் மாணவர்கள் விழுவாங்க. சில நேரம் வார்த்தையே கிடையாது. 'நீ வீட்டுல எத்தனையாவது பிள்ளை?' இதை அப்படியே இங்கிலீஷ்ல கேட்டுப் பாருங்க. 'எத்தனையாவது'க்கு அங்க ஒத்தைச் சொல் இல்ல. மாணவர் திணறினா அது அவர் குறை இல்லைன்னு முதல் நாளே சொல்லிடுவேன்.

கடைசியா ஒண்ணு, எனக்கு ரொம்ப முக்கியமா படுறது. சார்லஸ் பெர்குசன்னு ஒரு மொழியியலாளர் 1959இல் இரட்டை வழக்கு பத்தி எழுதினார். ஒரே மொழியில எழுத ஒண்ணு, பேச ஒண்ணு. தமிழ் அதுக்கு நல்ல உதாரணம். 'நான் சென்றுகொண்டிருக்கிறேன்'னு எழுதுவோம். யாராவது பஸ்ல அப்படிப் பேசினா திரும்பிப் பார்ப்போம். புத்தக மொழி வேற, வாய் மொழி வேறன்னு தமிழ்க் குழந்தைக்கு நாலு வயசுலேயே தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இங்கிலீஷ்ல புத்தக மொழியை மட்டும் பன்னிரண்டு வருஷம் கொடுக்கிறோம். வாய் மொழி ஒண்ணு அங்கேயும் இருக்குன்னு காட்டுறதே இல்ல. அப்புறம் ஏன் பேசலைன்னு கேட்கிறோம்.

பேச்சு கடைச்சரக்கு ஆன கதை

1968இல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கைன்னு முடிவெடுத்தது. தமிழ், ஆங்கிலம். ஒவ்வொரு அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் ஆங்கிலம் உறுதின்னு ஆச்சு. அது பெரிய விஷயம். ஆனா பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வாவே நின்னுச்சு. தேர்வுல இல்லாதது வகுப்புல இருக்காது. அதனால பேச்சு பள்ளிக்கூடத்துக்கு வெளிய போய்க் கடைச்சரக்கு ஆச்சு. 1970கள்ல ராபிடெக்ஸ் புத்தகம், அப்புறம் மாலை நேர இன்ஸ்டிட்யூட்டுகள், இன்னொரு பக்கம் மெட்ரிகுலேஷன் பள்ளிகள். தமிழ்ல பேசினா ஃபைன் போட்ட பள்ளிகளை நம்மில் பல பேருக்கு நேர்ல தெரியும். ஃபைனுக்குப் பயந்த பிள்ளை இங்கிலீஷ் பேசாது, வாயை மூடிக்கும்.

2012-13லேர்ந்து அரசுப் பள்ளிகள்லேயும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தது. 2022 மார்ச் 1இல் ஆரம்பிச்ச நான் முதல்வன் திட்டத்துல கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் சேர்ந்தது. திசை சரிதான். ஆனா 27,000 பேரோட கதை ஞாபகம் இருந்தா, நாம கேட்க வேண்டிய கேள்வி மாறும். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தாங்க என்பதோட நிறுத்தாம, சொல்லிக்கொடுக்கிறவர் கடைசியா எப்போ, யார்கிட்ட, தயாரிக்காம இங்கிலீஷ்ல பேசினார்னு கேட்கணும். அவருக்குப் பேச ஆள் கிடைக்கிறதுக்கு நாம என்ன ஏற்பாடு பண்ணோம்?

என் வகுப்புல இப்போ 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' முதல் நாள் கிடையாது. அது மனப்பாடமா வரும். அதுக்குப் பதிலா, பூந்தமல்லியிலேர்ந்து வேளச்சேரிக்குக் காலைல ஒன்பது மணிக்குள்ள போகணும், எந்த வழி சீக்கிரம்னு கேட்பேன். போரூர் வழின்னு ஒருத்தர், கோயம்பேடு போய் மாறலாம்னு ஒருத்தர். போரூர் டிராஃபிக் பத்திச் சண்டை வரும். இங்கிலீஷ் உடையும், ஒட்டும், நடுவுல தமிழ் வரும். ஆனா யாரும் பயந்து உட்கார்ந்திருக்க மாட்டாங்க. பிரபு கொடுத்த ரயில் அட்டவணைக்கு எங்க ஊர் பஸ் ரூட் பதிப்புன்னு வெச்சுக்கோங்க.

ஒரு வேலை இருக்கு உங்களுக்கு. 1960கள்ல கிராமத்துல படிச்ச தாத்தா, பாட்டி, பெரியப்பா யாராவது வீட்டுல இருந்தா, அவங்களோட முதல் இங்கிலீஷ் வகுப்பு எப்படி இருந்ததுன்னு கேளுங்க. டீச்சர் எதைத் தூக்கிக் காட்டினார், அவங்க என்ன திருப்பிச் சொன்னாங்கன்னு கேளுங்க. அந்த 27,000 பேர்ல ஒருத்தர் அவங்க வாத்தியாரா இருந்திருக்கலாம். அவங்க ஞாபகத்துல இருக்கிற முதல் வாக்கியத்தை வாய்ஸ் நோட்டா எங்களுக்கு அனுப்புங்க. அவங்க உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, திருத்தாம அனுப்புங்க.